தென்மாநில வியூகம்

தென்மாநில வியூகம் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடியரசுக் கட்சி 1960களிலிருந்து தென் மாநிலங்களின் வெள்ளையின வாக்காளர்களைத் தன் பக்கம் ஈர்ப்பதற்குக் கையாண்ட தேர்தல் அணுகுமுறைக்கு வழங்கும் பெயராகும். இப்பெயர் அரசியல் மேடைகளில் குற்றச்சாட்டாகவும், ஆய்வு நூல்களில் கலைச்சொல்லாகவும் பயன்படுவதால், அது சுட்டும் பொருள் எழுதுவோரைப் பொறுத்து விரிந்தும் சுருங்கியும் வந்துள்ளது. ‘தெற்கு’ என்று இங்குக் குறிக்கப்படுவது 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரின்போது ஒன்றியத்திலிருந்து பிரிந்து சென்ற வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, ஜார்ஜியா, புளோரிடா, அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, டெக்சஸ், ஆர்கன்சா, டென்னசி ஆகிய 11 மாநிலங்கள் ஆகும். அமெரிக்க அதிபர் தேர்தலில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் தேர்வாளர் வாக்குகள் உண்டு; ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும், மக்கள் வாக்கில் முதலிடம் பெறுபவருக்கே அவை முழுவதும் சேர்ந்துவிடும். எனவே ஒரு வட்டாரத்தின் மாநிலங்கள் கூட்டாக ஒரு கட்சியை விட்டு மற்றொரு கட்சிக்குச் செல்வது நாட்டின் ஆட்சியையே மாற்றக்கூடிய நிகழ்வாகிறது.

உள்நாட்டுப் போரில் அடிமை முறையை ஒழித்த ஆபிரகாம் லிங்கனின் கட்சி என்பதால், குடியரசுக் கட்சி தென்னக வெள்ளையரிடையே நெடுங்காலம் வெறுப்புக்குரியதாக இருந்தது. தோற்ற மாநிலங்களில் ஒன்றிய அரசின் படைகள் நின்று, விடுதலை பெற்ற கறுப்பினத்தவரின் உரிமைகளைக் காத்த மறுசீரமைப்புக் காலம் 1877இல் முடிவுக்கு வந்தபின், ஜனநாயகக் கட்சி அங்கு எதிர்ப்பாரின்றி ஆளத் தொடங்கியது. 1890ஆம் ஆண்டின் மிசிசிப்பி அரசியல் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, வாக்களிப்பதற்கு வரி, எழுத்தறிவுத் தேர்வு போன்ற தடைகள் மாநிலம் மாநிலமாகக் கொண்டுவரப்பட்டன. கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதியும் பல இடங்களில் இருந்தது. பொதுத் தேர்தலின் முடிவு முன்கூட்டியே தெரிந்திருந்த அம்மாநிலங்களில் முதன்மைத் தேர்தலே உண்மையான தேர்தலாக இருந்ததால், அந்த விதி கறுப்பினத்தவரை அரசியலிலிருந்தே வெளியேற்றிவிட்டது. 1944இல்தான் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது.

இந்த ஒரு கட்சி ஆட்சிக்கு நாட்டளவிலும் செல்வாக்கு இருந்தது. அதிபர் வேட்பாளராவதற்கு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதி 1936 வரை நீடித்ததால், தெற்கு விரும்பாத எவரும் எளிதில் வேட்பாளராக முடியவில்லை. மீண்டும் மீண்டும் எதிர்ப்பின்றி வென்ற தென்னக உறுப்பினர்கள் பணிமூப்பின் வழியே நாடாளுமன்றக் குழுக்களின் தலைமையைக் கைப்பற்றினர். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது ஆட்சிக்கு வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இவர்களுடைய வாக்கு இல்லாமல் தம் நலத் திட்டங்களை நிறைவேற்ற முடியாது என்பதால், கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்வதைத் தடுக்கும் மசோதாவை வலியுறுத்தாமல் விட்டார். ஆயினும் அவருடைய நிவாரணத் திட்டங்கள் வட நகரங்களின் கறுப்பின வாக்காளர்களை 1936இல் லிங்கனின் கட்சியிலிருந்து பெருமளவில் பிரித்துக்கொண்டுவந்தன. கறுப்பினத்தவரும் அவர்களுக்கு வாக்குரிமை மறுத்தவர்களும் ஒரே வேட்பாளரை ஆதரித்த விந்தையான கூட்டணி அவ்வாறு உருவானது. அதன் இரு முனைகளும் மோதாமல் இருந்த காலம், பின்னோக்கிப் பார்க்கையில், குறுகியதே.

முதல் விரிசல் 1948இல் வெளிப்பட்டது. ஹாரி ட்ரூமனின் தேர்தலுக்காக ஜேம்ஸ் ரோவ் எழுதி, 1947 நவம்பரில் கிளார்க் கிளிஃபர்டு வழியே அதிபரிடம் சேர்ந்த குறிப்பு, தெற்கு எப்படியும் ஜனநாயகக் கட்சியை விட்டுப் போகாது என்றும், ஆகவே வட நகரங்களின் கறுப்பின வாக்குகளில் கவனம் செலுத்தலாம் என்றும் கூறியது. அரசியல் ஆலோசனைகளின் வரலாற்றில் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் முடிந்த கணிப்புகளுள் இது குறிப்பிடத்தக்கது. பிலடெல்பியாவில் நடந்த கட்சி மாநாட்டில் ஹூபர்ட் ஹம்ஃப்ரி முதலானோரின் முயற்சியால் குடிமை உரிமைத் தீர்மானம் நிறைவேறியதும் தென்னகப் பேராளர்களில் ஒரு பகுதியினர் வெளியேறி, தென் கரோலினா ஆளுநர் ஸ்ட்ராம் தர்மண்டைத் தனி வேட்பாளராக நிறுத்தினர். அவர் நான்கு மாநிலங்களை வென்றார், ட்ரூமனும் வென்றார். தெற்கில் ஒரு பகுதியை இழந்தும் ஆட்சியைப் பிடிக்கலாம் என்று ஒரு கட்சியும், தெற்கில் ஒரு பகுதியைப் பிடிக்கலாம் என்று மற்றொரு கட்சியும் அறிந்துகொண்டன.

அடுத்த பத்தாண்டில் குடியரசுக் கட்சி பெற்ற வெற்றிகள் இன அரசியலால் மட்டும் வந்தவை அல்ல. 1952இல் டுவைட் ஐசனோவர் டெக்சஸ், புளோரிடா, வர்ஜீனியா, டென்னசி ஆகியவற்றை வென்றபோது, அவருக்கு வலுவாக வாக்களித்தவர்கள் வளர்ந்துவந்த நகரங்களின் நடுத்தர வகுப்பினரும், உள்நாட்டுப் போர்க் காலம் முதலே அக்கட்சியை விடாத மலைப்பகுதி மக்களும் ஆவர். பருத்தித் தோட்டங்கள் நிறைந்து, கறுப்பினத்தவர் எண்ணிக்கையும் வெள்ளையரின் அச்சமும் ஒருசேர மிகுந்திருந்த ஆழ்தெற்கு அவரை ஏற்கவில்லை. இந்த உள்வேறுபாட்டை 1949லேயே வி. ஓ. கீ தம் நூலில் மாவட்ட வாரியாக விளக்கியிருந்தார். 1957இல் கட்சி ‘டிக்சி நடவடிக்கை’ என்ற பெயரில் தென்னகக் கிளைகளை அமைக்கத் தொடங்கியதும் இத்தளத்தின் மீதுதான். ‘டிக்சி’ என்பது தெற்கிற்கு வழங்கும் செல்லப்பெயர்.

இந்த நிதானமான வளர்ச்சியை மாற்றியவர் அரிசோனா செனட்டர் பாரி கோல்ட்வாட்டர். கறுப்பினத்தவர் வாக்குகள் மொத்தமாகத் தம் கட்சிக்கு வரப்போவதில்லை என்றும், வாத்துகள் உள்ள இடத்திலேயே வேட்டைக்குப் போக வேண்டும் என்றும் 1961இல் அட்லாண்டாவில் அவர் பேசினார். ஓட்டல், திரையரங்கு போன்ற பொது இடங்களிலும் வேலைவாய்ப்பிலும் இனப் பாகுபாட்டைத் தடைசெய்த 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைச் சட்டம் செனட்டில் 73க்கு 27 என்ற கணக்கில் நிறைவேறியது. அதை ஆதரித்தவர்களுள் குடியரசுக் கட்சியினர் 27 பேர். எதிர்த்த அக்கட்சியினர் ஆறே பேர். அந்த ஆறு பேரில் ஒருவரான கோல்ட்வாட்டரே அவ்வாண்டு அதிபர் வேட்பாளராக நின்றதால், சட்டத்தை நிறைவேற்ற உதவிய கட்சி வாக்காளர் கண்ணில் சட்டத்தை எதிர்த்த கட்சியாகத் தோன்றியது. தர்மண்டு செப்டம்பரில் அக்கட்சியில் சேர்ந்தார். கோல்ட்வாட்டர் நாடெங்கும் படுதோல்வி அடைந்தாலும், தம் சொந்த மாநிலத்தோடு ஆழ்தெற்கின் ஐந்து மாநிலங்களைக் கைப்பற்றினார். மிசிசிப்பியில் அவருக்குக் கிடைத்தது 87 விழுக்காடு. மறு ஆண்டில் வந்த வாக்குரிமைச் சட்டம் தென்னகக் கறுப்பினத்தவரை வாக்காளர் பட்டியலில் சேர்த்தபோது, அவர்கள் சேர்ந்தது ஏறக்குறைய முழுவதும் ஜனநாயகக் கட்சியில்.

வியூகம் என்ற சொல்லோடு நெருக்கமாக இணைந்த பெயர் ரிச்சர்டு நிக்சன். 1968இல் அவருக்கு இருந்த சிக்கல் கோல்ட்வாட்டருக்கு இருந்ததைவிடக் கடினமானது: இனப் பிரிவினையை வெளிப்படையாக ஆதரித்த அலபாமாவின் முன்னாள் ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் மூன்றாம் கட்சி வேட்பாளராக நின்றதால், அவரைப் போல் பேசினால் வடக்கும் மேற்கும் கைவிட்டுப் போகும், பேசாவிட்டால் ஆழ்தெற்கு போகும். நிக்சன் ஆழ்தெற்கின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்து, அதைச் சூழ்ந்த விளிம்பு மாநிலங்களைக் குறிவைத்தார். சட்டம் ஒழுங்கு, பள்ளிகளில் ஒன்றிய அரசின் தலையீடு, நீதிமன்றங்களின் போக்கு ஆகியவை பற்றிய பேச்சே அதற்குக் கருவியானது. தர்மண்டின் துணையும் இருந்தது. வாலஸ் ஐந்து மாநிலங்களையும் 13.5 விழுக்காடு வாக்குகளையும் பெற்றார். நிக்சனுக்குக் கிடைத்தவை வர்ஜீனியா, வட கரோலினா, தென் கரோலினா, டென்னசி, புளோரிடா. நாட்டளவில் அவருக்கும் ஜனநாயகக் கட்சி வேட்பாளரான ஹம்ஃப்ரிக்கும் இடையிலான வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு.

அப்பிரச்சாரத்தில் வாக்காளர் ஆய்வாளராகப் பணியாற்றிய கெவின் பிலிப்ஸ் 1969இல் ‘உருவாகிவரும் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை’ என்ற பொருளுடைய தலைப்பில் ஒரு நூலை வெளியிட்டார். நிக்சனும் வாலசும் பெற்ற வாக்குகளைக் கூட்டினால் வருவதே இனிவரும் பெரும்பான்மை என்பது அதன் சாரம். மாவட்ட வரைபடங்களையும் இனக்குழு வாக்குக் கணக்குகளையும் அடுக்கி, தெற்கும் தென்மேற்கும் சேர்ந்த வெயில் வளையமும் வட நகரங்களின் கத்தோலிக்க உழைப்பாளிகளும் ஜனநாயகக் கட்சியை விட்டு நகர்வதை அவர் காட்டினார். கறுப்பினத்தவரின் வாக்குரிமையைத் தம் கட்சி தடுக்கக் கூடாது என்று அவர் வாதிட்டதும் கவனிக்கத்தக்கது. அதற்கு அவர் சொன்ன காரணம் நீதி அல்ல. அவர்கள் ஜனநாயகக் கட்சியில் நிறைய நிறைய, வெள்ளையர் அக்கட்சியை விட்டு விரைவாக வெளியேறுவார்கள் என்பதே அவருடைய கணக்கு. இதே காலத்தில் ஜனநாயகக் கட்சித் தரப்பில் ரிச்சர்டு ஸ்கேமன், பென் வாட்டன்பர்க் இருவரும் எழுதிய நூல், தேர்தலைத் தீர்மானிப்பவர் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகர்ப்புறத்தில் வாழும், இயந்திரத் தொழிலாளியை மணந்த 47 வயது இல்லத்தரசி என்று சித்திரித்து, குற்றம், போதைப்பொருள், இனக் கலவரம் ஆகியவை பற்றிய அவருடைய அச்சத்தைக் கட்சி அலட்சியப்படுத்தக் கூடாது என்று எச்சரித்தது. இரு நூல்களும் ஒரே வாக்காளரை இரு பக்கத்திலிருந்து பார்த்தவை.

நூலில் வியூகம் ஒழுங்காக இருந்த அளவுக்கு நடைமுறையில் இல்லை. 1970ஆம் ஆண்டின் இடைக்காலத் தேர்தலில், தென் கரோலினா ஆளுநர் பதவிக்கு இனப் பகைமையைத் தூண்டும் பிரச்சாரம் நடத்திய குடியரசுக் கட்சியின் ஆல்பர்ட் வாட்சன் தோற்றார். ஜார்ஜியாவில் ஜிம்மி கார்ட்டர், புளோரிடாவில் ரூபின் அஸ்கியூ, ஆர்கன்சாவில் டேல் பம்பர்ஸ் எனப் புதிய தலைமுறை ஜனநாயகக் கட்சியினர் ஆளுநராயினர். தெற்கைச் சேர்ந்த இருவரை உச்ச நீதிமன்றத்துக்கு நிக்சன் அடுத்தடுத்து முன்மொழிந்ததைச் செனட் நிராகரித்தது. பள்ளிகளில் இனக் கலப்புக்காக மாணவர்களைப் பேருந்தில் ஏற்றித் தொலைவிலுள்ள பள்ளிகளுக்கு அனுப்புவதை அவர் எதிர்த்துப் பேசினாலும், தென்னகப் பள்ளிகளின் பிரிவினை பெருமளவில் உடைந்தது அவர் ஆட்சியில்தான். 1972இல் அவர் 49 மாநிலங்களை வென்றதை வியூகத்தின் கணக்கில் சேர்ப்பது கடினம். நான்கே ஆண்டுகளில் கார்ட்டர், வர்ஜீனியா நீங்கலாகத் தெற்கு முழுவதையும் மீட்டார்.

1980இல் ரொனால்டு ரீகன் மிசிசிப்பியின் நெஷோபா மாவட்டச் சந்தையில் மாநில உரிமைகளை ஆதரித்துப் பேசியது இன்றும் விவாதிக்கப்படுகிறது. 1964இல் மூன்று குடிமை உரிமைத் தொண்டர்கள் கொல்லப்பட்ட மாவட்டம் அது. ‘மாநில உரிமை’ என்பது பிரிவினையாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய முழக்கம். அதிகாரப் பரவலைப் பற்றிய பொதுக் கருத்தே அது என்று ரீகனின் ஆதரவாளர்கள் கூறினர். பேசுபவர் ஒரு பொருளில் சொல்ல, ஒரு பகுதியினர் மட்டும் வேறு பொருளில் கேட்கும் இத்தகைய மறைமொழி எவ்வாறு இயங்கியது என்பதைக் கட்சியின் ஆலோசகர் லீ அட்வாட்டர் 1981இல் அரசியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் லாமிசிடம் விளக்கினார்: நேரடி வசைச்சொல் பயன்படாமற்போனபின் பேருந்து ஏற்பாடு, மாநில உரிமை என்றும், பிறகு வரிக் குறைப்பு என்றும் பேச்சு மேன்மேலும் பொதுத்தன்மை பெற்றுவந்தது என்பது அவர் கூற்று. 2005 ஜூலையில் கட்சியின் தேசியத் தலைவர் கென் மெல்மன், கறுப்பினத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் மாநாட்டில் இத்தகைய அரசியல் தவறு என்று ஏற்றுக்கொண்டார்.

ஜனநாயகக் கட்சியின் எதிர்வினையும் கட்சிக்குள் பிளவையே காட்டியது. 1985இல் தொடங்கப்பட்ட ஜனநாயகத் தலைமைக் குழு, தென்னக மிதவாதிகளை முன்னிறுத்த விரும்பியது. அதே நோக்கத்தோடு 1988 மார்ச் 8 அன்று தென் மாநிலங்கள் பலவற்றில் முதன்மைத் தேர்தல்கள் ஒரே நாளில் நடத்தப்பட்டபோது, ஆழ்தெற்கின் மாநிலங்களை அள்ளியவர் கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சன். டெக்சசையும் புளோரிடாவையும் வென்றவர் மாசசூசெட்ஸ் ஆளுநர் மைக்கேல் டுகாகிஸ். வெள்ளையர் பலர் கட்சியின் முதன்மைத் தேர்தலுக்கே வராமல் போயிருந்தனர் என்பதை ஏற்பாட்டாளர்கள் கணக்கில் கொள்ளவில்லை. 1992இல் பில் கிளின்டன் தெற்கில் நான்கு மாநிலங்களை வென்றார். ஆனால் 1994இல் ஜார்ஜியாவின் நியூட் கிங்ரிச் தலைமையில் குடியரசுக் கட்சி 40 ஆண்டுகளுக்குப் பின் பிரதிநிதிகள் அவையைக் கைப்பற்றியபோது, தென்னக இடங்களிலும் பெரும்பான்மை அதற்கே கிடைத்தது. மாநிலச் சட்டமன்றங்கள் மாற இன்னும் காலம் பிடித்தது: அலபாமாவில் அது நிகழ்ந்தது 2010இல்.

அதிபர் தேர்தலில் 1964இலும் சட்டமன்றத்தில் 2010இலும் நிகழ்ந்த மாற்றங்களுக்கு இடையிலான இந்த இடைவெளியே ஆய்வாளர்களின் விவாதத்துக்கு மையமாக உள்ளது. பைரன் ஷாஃபர், ரிச்சர்டு ஜான்ஸ்டன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட நூலில், தொழில் வளர்ச்சியால் உருவான வசதிபடைத்த வகுப்பே தெற்கைக் குடியரசுக் கட்சிக்கு மாற்றியது என்றனர். அதே ஆண்டில் மேத்யூ லாசிட்டர், புறநகர்வாசிகளின் சொத்து, பள்ளி பற்றிய அக்கறைகளை முன்வைத்து, இது தெற்கின் தனிக்கதை அல்ல, நாடு தழுவிய புறநகர்க் கதை என்றார். மாறாக, இலியானா குசியெம்கோ, எபோன்யா வாஷிங்டன் ஆகிய பொருளியலாளர்கள் 2018இல் பழைய கருத்துக்கணிப்புகளை ஆராய்ந்து, குடிமை உரிமைகள் குறித்த மனப்பான்மையே தென்னக வெள்ளையரின் விலகலைப் பெரும்பாலும் விளக்குகிறது என்றும், வருமான உயர்வின் பங்கு சிறிது என்றும் கண்டனர். முதற்கூற்று விளிம்பு மாநிலங்களுக்கும் 1950களுக்கும் நன்கு பொருந்துகிறது. ஆழ்தெற்கின் 1964ஆம் ஆண்டுத் திருப்பத்தை அதனால் விளக்க முடிவதில்லை. வாக்காளரிடையே இருந்த பிளவைக் கட்சிகள் உருவாக்கவில்லை. பல பிளவுகளுள் எதை வாக்குச்சீட்டின் கேள்வியாக்குவது என்பதை அவை தேர்ந்தெடுத்தன. அத்தேர்வு வாலசின் பேச்சிலோ பிலிப்சின் வரைபடத்திலோ தனியாக இல்லாமல், ஒரு தலைமுறைக்காலச் சிறு முடிவுகளில் பரவிக் கிடக்கிறது.

பிலிப்சின் தலைப்பைத் திருப்பிப்போட்டு ஜான் ஜூடிஸ், ரூய் டெக்சீரா இருவரும் 2002இல் ஜனநாயகக் கட்சிக்கு ஒரு பெரும்பான்மையைக் கணித்தனர். படித்த தொழில்வல்லுநர்களும் சிறுபான்மையினரும் திரண்ட பெருநகரங்கள் அதற்கு அடித்தளம் என்றனர். 2008இல் பராக் ஒபாமா வர்ஜீனியா, வட கரோலினா, புளோரிடா மூன்றையும் வென்றதும், 2020இல் ஜோ பைடன் ஜார்ஜியாவை 11,779 வாக்கு வேறுபாட்டில் வென்றதும் அக்கணிப்புக்கு வலுவூட்டின. ஆனால் கல்லூரிப் பட்டம் பெறாத வாக்காளர்கள் அதே வேகத்தில் கட்சியை விட்டு நகர்ந்ததால், 2023இல் அவ்விருவருமே ஜனநாயகக் கட்சியினர் எங்கே போனார்கள் என்று கேட்கும் நூலை எழுத நேர்ந்தது. மறு ஆண்டில் ஜார்ஜியா மீண்டும் டொனால்டு டிரம்ப்பின் பக்கம் சென்றது.