ஃபோர்டு காரும் பொன்மலை எண்ணெயும்

டெல்லிக்கு வந்து இருபது வருஷம் ஆச்சு. இந்த ஊர்ல எனக்குக் கிடைச்ச நல்ல விஷயங்கள்ல ஒண்ணு எங்க வீட்டு ஓனர் சர்தார்ஜி. இன்னொண்ணு அவரோட 1930 ஃபோர்டு மாடல் ஏ. அவங்க அப்பா வாங்கின வண்டி. ஞாயித்துக்கிழமை காலையில் ஒரு ரவுண்டு போவார். என் பொண்ணுக்குப் பின் சீட்டில் நிரந்தர இடம்.

போன ஜனவரியில் சாணக்யபுரி ரவுண்டானாவில் திரும்பும்போது ஸ்டியரிங் பாதியிலேயே நின்னு போச்சு. திருப்பின சக்கரம் நேராகவே வரலை. எழுபத்தஞ்சு வயசு மனுஷர் ரெண்டு கையாலும் மல்லுக்கட்டி, நடைபாதைக் கல்லில் டயர் உரச நிறுத்தினார். பொண்ணு சிரிச்சுக்கிட்டு இருந்தா. எங்க ரெண்டு பேருக்கும் வேர்த்து ஊத்தினது, அந்தக் குளிரிலும்.

காஷ்மீரி கேட்டில் இருந்து ஒரு வயசான மிஸ்திரி வந்து ஸ்டியரிங் பெட்டியைத் திறந்தார். உள்ளே மஞ்சளா கெட்டி கிரீஸ். வீல் பேரிங்குக்கு வைக்கிற அதே சரக்கு. நடுவில் எலி வளை மாதிரி ஒரு குடைவு. பல் ஓடுற இடத்தில் இருந்த கிரீஸ் ஓரத்துக்கு ஒதுங்கி அங்கேயே உட்கார்ந்துடுச்சு. பல்லு மேல ஒரு பொட்டு ஈரம் இல்லை. பெட்டி நிறைய மசகு, பல்லுக்கு மட்டும் பட்டினி!

அங்கே ஏன் கிரீஸ் வந்ததுன்னா, ஒழுக்குதான் காரணம். இந்த வண்டியில் ஹெட்லைட் சுவிட்ச் ஸ்டியரிங் கம்பத்தோட அடியில் இருக்கு. அதை இயக்குற கம்பி, கம்பத்துக்குள்ள ஒரு குழாய் வழியா பெட்டியைத் தாண்டிக் கீழே போகுது. எண்ணெய் அந்தக் குழாய் வழியா சுவிட்சு மேலயே சொட்டும். பத்துப் பதினஞ்சு வருஷம் முன்னாடி ஏதோ ஒரு மெக்கானிக் எண்ணெயை வழிச்சுட்டு கிரீஸை அடைச்சுட்டார். ஒழுக்கு நின்னுச்சு. யாரும் கவலைப்படலை.

இதுக்கு முந்தைய மாடல் டி-யா இருந்தா கிரீஸ் சரியாத்தான் இருந்திருக்கும். அதில் ஸ்டியரிங் பல்சக்கரங்கள் ஸ்டியரிங் வீலுக்கு நேர் கீழே ஒரு சின்ன டப்பாவுக்குள்ள இருந்தது. அங்கே எண்ணெய் ஊத்தினா டிரைவர் மடியில்தான் வழியும். ஒன்றரைக் கோடி மாடல் டி பண்ணின பிறகு 1927ல் ஃபோர்டு அதை நிறுத்திட்டு, அதே டிசம்பரில் மாடல் ஏ-வைக் கொண்டுவந்தார். இதில் பல்பெட்டி கம்பத்தின் அடிக்குப் போச்சு. மரை மாதிரி சுருண்ட ஒரு தண்டு, மிஸ்திரிகள் பாஷையில் 'வார்ம்', எதிரே ஒரு பல்லுத்துண்டைத் தள்ளும். சாதாரணப் பல்சக்கரங்கள் பெரும்பாலும் ஒண்ணு மேல ஒண்ணு உருளும். வார்மோட பல் தேய்ச்சுக்கிட்டு வழுக்கும். வழுக்கும்போது எண்ணெயை வழிச்சு எடுத்துடும். அதனால் பல்லைப் பிடிச்சுக்கவும் வேணும், வழிச்ச இடத்துக்குத் தானா திரும்பி ஓடியும் வரணும்.

சரி, என்ன ஊத்தறது? சர்தார்ஜிகிட்ட இருந்த பழைய கையேட்டில் 600டபிள்யூன்னு போட்டிருந்தது. கடைக்காரர் 'அறுநூறா? நம்பகிட்ட 140 வரைக்கும்தான்'னார் :-) இன்னைக்கு 20டபிள்யூன்னா டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். 600டபிள்யூவில் அது வெறும் சரக்குப் பெயர். எஸ்.ஏ.இ. எண்ணுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. அது வேக்குவம் ஆயில் கம்பெனி வித்த நீராவி எஞ்சின் எண்ணெய்.

இந்தக் கம்பெனி கதை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. 1866ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஊர்ல மாத்யூ யூயிங்ங்கிறவர் கச்சா எண்ணெயை வெற்றிடத்தில் காய்ச்சி மண்ணெண்ணெய் எடுக்கப் பார்த்தார். அவர் கூட்டாளி ஹைராம் எவரெஸ்டுக்கு அடியில் தங்கின கெட்டி எண்ணெய் மேலதான் கண்ணு. முதலில் குதிரைச் சேணத்துத் தோலுக்கு வித்தாங்க, அப்புறம் நீராவி சிலிண்டருக்கு. அதுவரைக்கும் சிலிண்டருக்கு மாட்டுக்கொழுப்பைத்தான் ஊத்தினாங்க. நீராவிச் சூட்டில் கொழுப்பு அமிலமாகி இரும்பையே அரிச்சது. வேக்குவம் ஆயில் 1931ல் நியூயார்க் ஸ்டாண்டர்ட் ஆயிலோட சேர்ந்தது. அந்த வழியில் 1933ல் ஸ்டான்வாக், 1962ல் எஸ்ஸோ. எஸ்ஸோவோட இந்தியத் தொழிலை 1974ல் அரசாங்கம் எடுத்துக்கிட்டதில் பிறந்ததுதான் இந்துஸ்தான் பெட்ரோலியம். தெருமுனை ஹெச்.பி. பங்குக்கு இப்படி ஒரு வம்சாவளி!

கார்க்காரர் எஞ்சின்காரரோட எண்ணெயை ஏன் எடுத்தார்? என் ஊகம், அது எல்லா ஊர்லயும் கிடைச்சது, சீல் சரியா இல்லாத பெட்டியிலும் மெதுவாத்தான் ஒழுகும். மாடல் ஏ-வில் கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், ஸ்டியரிங் எல்லாத்துக்கும் இது ஒண்ணேதான்.

ராத்திரி அப்பாவுக்குப் போன் பண்ணினேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் மீட்டர்கேஜ் நீராவி எஞ்சின்களோட முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவர். 'ஏண்டா, சிலிண்டர் ஆயில்தானே? பச்சையா, பாகு மாதிரி இருக்கும். சூடானா கொழுப்பு வாடை வரும். ஈர நீராவியிலும் இரும்பை விடாதுடா, அதுக்குத்தான் கொழுப்பு சேர்க்கிறது'ன்னார். விஷயம் அங்கேதான் இருந்தது. முழுக்கக் கொழுப்பு ஊத்தினா கெடுதல், எண்ணெயில் கொஞ்சமா கலந்தா நல்லது. வழுக்குற பல்லுக்கும் அதே குணம்தான் வேணும். இன்னைக்கும் ஆலைகளில் வார்ம் கியர்களுக்கு இப்படிக் கொழுப்பு கலந்த எண்ணெய் ஊத்தறாங்க.

மிஸ்திரி ஜி.எல்.-5 கியர் ஆயில் ஊத்தலாம்னார். அதில் அதிக அழுத்தத்துக்காகச் சேர்க்கிற கந்தக ரசாயனம் பெட்டியில் இருக்கிற வெண்கல புஷ்ஷை அரிக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னாடி எஸ்.ஏ.இ. 140ன்னா 100 டிகிரியில் 24ல் இருந்து 41 சென்டிஸ்டோக் வரைக்கும் இருக்கலாம். 2005ல் அதை 32.5க்குக் கீழேன்னு குறுக்கிட்டு, மேல் பாதிக்கு 190ன்னு புது எண் கொடுத்தாங்க. பழைய புத்தகத்து 140ம் இன்னைக்கு டின்னில் இருக்கிற 140ம் ஒண்ணா இருக்கணும்னு இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் பலர் 00 நம்பர் கிரீஸ் போடறாங்க. அது கூழ் மாதிரி தளதளன்னு திரும்பி ஓடி வரும், ஒழுக்கும் குறையும். என் ஓட்டு அதுக்குத்தான் இருந்தது. சர்தார்ஜி ஒத்துக்கலை. 'என் அப்பா ஊத்தினதையே ஊத்து'ன்னுட்டார்.

சர்க்கரை ஆலைகளுக்குச் சரக்கு போடுற ஒரு கடையில் சிலிண்டர் ஆயில் கிடைச்சது. உத்தரப்பிரதேசத்தில் நீராவியில் ஓடின பழைய ஆலைகள் புண்ணியம். பெட்டியை மண்ணெண்ணெயில் ரெண்டு தடவை அலசினோம். நல்லவேளை, பல்லு தேய்ஞ்சிருந்ததே தவிர உடையலை. டின்னை வெந்நீரில் வெச்சு இளக்கி, குழாய் மட்டத்துக்குக் கீழேயே நிறுத்தி ஊத்தினார் மிஸ்திரி. காலைக் குளிரில் முதல் நாலு திருப்பம் கனமாத்தான் இருக்கு. அப்புறம் சக்கரம் தானா நேராகுது. சுவிட்சுக்குக் கீழே ஒரு பழைய பேப்பர் விரிச்சு வெச்சிருக்கார். வாரத்துக்கு ரெண்டு சொட்டு. தினமும் குனிஞ்சு பார்த்து எண்ணுறார்.

தங்கமணி இன்னும் ஒரு மாசம் பொண்ணை அனுப்பமாட்டேன்னு சொல்லிட்டா. அதுவும் சரிதான். மீதி இருக்கிற அரை டின்னைப் பத்தி அப்பாகிட்ட சொன்னேன். அடுத்த தடவை திருச்சிக்கு வரும்போது ஒரு சின்ன பாட்டிலில் கொஞ்சம் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கார். முகர்ந்து பார்க்கணுமாம்.