மணிக்கட்டில் ஏறிய நாடி

ஜொகூர் மாநிலத்தின் மேற்குக் கரையோரம் அமைந்த பத்து பாகாட், நிலநடுக்கோட்டிற்கு வடக்கே இரண்டு பாகைக்கும் குறைவான தொலைவில் உள்ள ஊர். பொழுது புலரும் வேளையிலும் அங்குக் காற்று ஈரம் சுமந்தே வீசும். அவ்வூரில் ஓட்டப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்கும் ஒருவர், இக்காலக் கைக்கடிகாரம் ஒன்றை அணிந்து சிறிது தொலைவு ஓடி நின்றால், அது பல எண்களைக் காட்டும்: இதயத்துடிப்பு, வேகம், நிமிடத்திற்கு வைத்த அடிகள், வி.ஓ.2 மேக்ஸ் எனப்படும் உயிர்வளி நுகர்திறன். துடிப்பு மிகுதி, நுகர்திறன் தாழ்வு எனக் கண்டு, தம் உடல் ஓட்டத்திற்கு ஏற்றதன்று என்றே அவர் முடிவு கட்டிவிடக்கூடும். அம்முடிவு சரியானதா? விடை காண வேண்டுமாயின், அவ்வெண்கள் எங்கே, எதன்பொருட்டுப் பிறந்தன என்பதை அறிதல் வேண்டும்.

மணிக்கட்டில் உடல்நிலையை அறிவது தமிழர்க்குப் புதியதன்று. சித்த மருத்துவர் மூன்று விரல்களை வைத்து வாதம், பித்தம், கபம் ஆகியவற்றின் நடையை உணர்ந்தனர். அவர்கள் நாடிய பொருள் எண்ணிக்கையன்று, நாடி நடக்கும் இயல்பே ஆகும். துடிப்பை எண்ணிக்கையாக்கும் வழக்கம் வலுப்பெறக் கடிகாரம் துணை செய்தது. ஆங்கிலேய மருத்துவர் ஜான் ஃப்ளோயர், ஒரு நிமிடம் ஓடி நிற்கும் கடிகாரம் ஒன்றைச் செய்வித்து, நாடியை எண்ணும் முறை பற்றி 1707-இல் நூல் வெளியிட்டார். நாடி அன்று முதல் எண்ணாக மாறத் தொடங்கிற்று எனலாம்.

உயிர்வளி நுகர்திறனின் வரலாறு இதனினும் கடினமான உழைப்பிலே பிறந்தது. 1922-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு பெற்ற உடலியல் அறிஞர் ஏ. வி. ஹில், தாமே ஓட்டக்காரராகவும் விளங்கினார். அவரும் அவருடைய துணைவர்களும் முதுகில் காற்றுப்பை சுமந்து புல்தரையில் ஓடினர். வெளிவிட்ட மூச்சைப் பையிற் சேர்த்து ஆய்ந்தனர். வேகம் கூடக்கூட உயிர்வளி நுகர்வும் கூடி, ஓர் எல்லையை எட்டும் என்பதை அவர்கள் 1923-இல் எடுத்துரைத்தனர். ஆகவே, நுகர்திறன் என்பது மூச்சுக்காற்றை அளந்து காண வேண்டியது. கைக்கடிகாரம் மூச்சை அளப்பதில்லை. வேகத்தையும் துடிப்பையும் ஒப்பிட்டு அது கணிக்கிறது. முன்னது அளவீடு, பின்னது மதிப்பீடு.

துடிப்பைக் கம்பியின்றி அறியும் கருவி பின்லாந்தில் தோன்றியது. செப்போ சாய்னாயாகங்காஸ் 1977-இல் நிறுவிய போலார் நிறுவனம், மார்பில் கட்டிய பட்டையிலிருந்து மணிக்கட்டிற்குத் துடிப்பை அனுப்பும் கருவியை 1982-இல் வெளியிட்டது. பனிச்சறுக்கு வீரர்களின் பயிற்சித் தேவையே இம்முயற்சிக்குத் தூண்டுகோலாயிற்று. இன்றைய கடிகாரங்கள் பலவும் தோலின்மீது பச்சை ஒளி பாய்ச்சிக் குருதியோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைக் கணிக்கின்றன. பட்டை தளர்ந்திருப்பின், கால் பதியும் தாளத்தையே இதயத்துடிப்பெனக் கருவி மயங்குவதும் உண்டு.

தொலைவும் வேகமும் செயற்கைக்கோள்களின் துணையால் அறியப்படுவன. அமெரிக்க அரசு ஜி.பி.எஸ். அமைப்பின் முதற்கோளை 1978-இல் ஏவியது. பொதுமக்களுக்கான குறிப்பலைகளில் வேண்டுமென்றே புகுத்தியிருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கியது. அதன் பின்னரே ஓட்டக்காரர் கையில் இவ்வசதி பயனுடையதாயிற்று.

கருவிகள் துடிப்பை 'மண்டலங்களாக'ப் பிரித்துக் காட்டுவதும் இங்குக் கருதத்தக்கது. 220-இலிருந்து அகவையைக் கழித்தால் உச்சத் துடிப்பு கிட்டும் என்னும் கணக்கு 1971-இல் வெளிவந்த ஒரு கட்டுரையால் பரவியது. 2001-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, அகவையின் பத்தில் ஏழு பங்கை 208-இலிருந்து கழிக்கச் சொன்னது. அறுபது அகவையினர்க்கு முன்னது 160 என்னும். பின்னது 166 என்னும். இரண்டும் பலருடைய சராசரியே. ஒரே அகவையினர் இருவரிடையே பத்துத் துடிப்பு வேறுபடுதலும் இயல்பே. சராசரியைத் தம் எல்லையெனக் கொள்வோர் தம்மைத் தவறாகவே எடை போடுவர்.

இனிப் பத்து பாகாட்டிற்குத் திரும்புவோம். வெப்பமும் ஈரமும் மிக்க காற்றில் ஓடுங்கால், உடலைக் குளிர்விக்கக் குருதியின் ஒரு பகுதி தோலை நோக்கிப் பாய்கிறது. அதனால் அதே வேகத்திற்கு இதயம் மிகுதியாகத் துடிக்க நேர்கிறது. வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாத கருவி இதனைத் திறன் குறைவு என்றே கணிக்கும். பனிநாட்டில் ஓடுபவரும் இவரும் ஒத்த திறனுடையவராயினும், இவருக்குக் கிடைக்கும் எண் தாழ்ந்தே நிற்கும். குறைந்தது திறனன்று, கூடியது வெப்பமே.

எண்ணை இடத்தோடு சேர்த்தே படித்தல் வேண்டும் என்பதற்கு மலேசியத் தமிழர் பெருமைகொள்ளும் சான்று ஒன்றுண்டு. 1966-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் ஜெகதீசன், 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அத்தேசியச் சாதனை 2017 வரை முறியடிக்கப்படவில்லை. வரையறுத்த தொலைவு, நடுநிலையான கடிகாரம் ஆகியவற்றால் அவ்வெண் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒப்பீட்டிற்கு நின்றது. எனினும், கடல்மட்டத்திற்கு 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த அந்நகரின் மெல்லிய காற்று குறுந்தொலைவு ஓட்டத்திற்குத் துணையாகும் என்பதையும் அறிஞர் மறவார். ஒலிம்பிக் எண்ணுக்கே இடம் சொல்லி விளக்கம் தரவேண்டுமாயின், காலையில் ஓடுபவரின் கடிகார எண்ணுக்கு அது வேண்டாவோ?

ஆதலின், புதிதாய் ஓடுவோர் ஒரே பாதையில், ஒரே வேளையில், பல வாரம் ஓடித் தம் எண்ணைத் தம் பழைய எண்ணோடு ஒப்பிடுக. ஓடும்போது ஒரு முழு வாக்கியம் பேச இயலுமாயின், அவ்வேகம் தொடக்கநிலையினர்க்குப் பொருந்தும். நெஞ்சுவலியோ மயக்கமோ தோன்றின், கடிகாரம் யாது கூறினும் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரை நாடுக. சித்தர் விரலால் அறிந்த நாடியின் நடையை, ஓடுபவர் தம் மூச்சால் அறியலாம்.

மலாய் மொழியில் பத்து என்பது கல். பாகாட் என்பது உளி. கல் ஒரே அடியில் உருப்பெறுவதில்லை. எத்தனை அடி விழுந்தது என்று எண்ணுவதற்குக் கருவி போதும். உளி எங்கே படவேண்டும் என்று அறிவதற்குக் கல்லின் இயல்பு தெரிதல் வேண்டும்.