ஓசூரும் ஸ்ரீசிட்டியும்: எல்லையோரத்து இரு தொழில் ஊர்கள்

ஓசூர் தமிழ்நாட்டு மண்ணில் இருந்துகொண்டு பெங்களூரைப் பார்த்து வளர்ந்த ஊர். ஸ்ரீசிட்டி ஆந்திர மண்ணில் இருந்துகொண்டு சென்னையைப் பார்த்து எழுந்த ஊர். இரண்டையும் பக்கத்தில் வைத்து எடைபோடச் சென்னையின் கோட்டூர்புரம் பொருத்தமான இடம். இங்கே காந்தி மண்டபம் சாலையில் இயங்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸை நிறுவியவர் ராஜா செல்லையா. 1991இல் அவர் தலைமையில் அமைந்த வரிச் சீர்திருத்தக் குழுவிலிருந்து ஜிஎஸ்டி வரைக்கும் ஒரு நேர்க்கோடு இழுத்துவிடலாம். மாநில எல்லையில் வரி விலகினால் தொழிற்சாலை எங்கே போய் உட்காரும்? ஏட்டில் இதற்கு ஒரு விடை உண்டு. இவ்விரண்டு ஊர்களிலும் கிடைப்பது வேறு விடை.

ஓசூர் அரசு கைபிடித்து நடத்திய ஊர். அப்போது தர்மபுரி என்ற பின்தங்கிய மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த அதில், எழுபதுகளில் அரசின் தொழிற்பேட்டை நிறுவனமான சிப்காட் மனை பிரித்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ் மொபெட்டும் வந்தன. பிறகு டிட்கோவும் டாடாவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன் வந்தது. ஸ்ரீசிட்டி தனியார் எழுப்பிய ஊர். 2008இல் தடா அருகே தொடங்கியது. அதே ஆண்டு ஜூனில்தான் மத்திய விற்பனை வரி 2 சதவீதத்துக்கு இறங்கியது. ஆக, ஓசூர் எல்லையின் வரிச்சுவர் உயரமாக இருந்தபோது பிறந்தது, ஸ்ரீசிட்டி சுவர் தேயத் தொடங்கியபோது பிறந்தது.

அந்தச் சுவர் எப்படி வேலை செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். வெளிமாநிலத்துக்கு விற்றால் மத்திய விற்பனை வரி. வாங்கியவர் அதைத் தன் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. சலுகை விகிதம் வேண்டுமென்றால் அவரிடமிருந்து சி ஃபாரம் வாங்கியாக வேண்டும். அது வராமல் கணக்கை மூட முடியாமல் தவித்த கணக்காளர்கள் ஏராளம். சரக்கை விற்காமல் தன் சொந்தக் கிளைக்கே அனுப்பினால் இந்த வரி இல்லை. அதனால் ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு டெப்போ, ஒரு குடோன், ஒரு மேலாளர். எல்லையோர ஆரம்பாக்கத்திலும் அத்திப்பள்ளியிலும் லாரியை ஓரங்கட்டிவிட்டு, பில் கட்டோடு டிரைவர் சாவடிக்குள் போவார். முத்திரை விழும்வரை கிளீனர் டயரடியில் படுத்துக்கொள்வார். 2017 ஜூலை 1இல் ஜிஎஸ்டி வந்த பிறகு வணிகவரிச் சாவடிகள் மூடப்பட்டன.

சுவர் இடிந்தால் ஓரத்து ஊர்கள் நலியும் என்று எதிர்பார்க்க நியாயம் இருந்தது. சரக்கு நகரும் செலவு குறையும்போது தொழில்கள் பெரிய சந்தையில் போய்க் குவியும் என்பது பால் க்ரூக்மன் 1991இல் முன்வைத்த கோட்பாட்டின் சாரங்களில் ஒன்று. ஆனால் மெக்சிகோ சந்தையைத் திறந்துவிட்டபோது ஆலைகள் தலைநகரை விட்டு அமெரிக்க எல்லைக்கு நகர்ந்தன. நம் இரு ஊர்களும் மெக்சிகோ பக்கம்தான். இசுசு தன் பிக்அப்புகளை முதலில் திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் செய்வித்தது. 2016இல் எல்லை தாண்டி ஸ்ரீசிட்டியில் சொந்த ஆலை திறந்தது. ஏதர் ஸ்கூட்டர் நிறுவனத்தைத் தொடங்கியவர்கள் கோட்டூர்புரத்துக்குப் பக்கத்து ஐஐடியில் படித்தவர்கள். நிறுவனம் பெங்களூரில் வளர்ந்தது, ஆலை 2021இல் ஓசூருக்கு வந்தது. ஒன்று தமிழ்நாட்டை விட்டு வெளியே, ஒன்று தமிழ்நாட்டுக்கு உள்ளே. இரண்டும் பெருநகரத்தின் கூப்பிடு தூரத்தை விட்டுப் போகவில்லை.

காரணம் எளிது என்றே நினைக்கிறேன். கரைந்தது சரக்கின் மீதிருந்த எல்லை மட்டும்தான். நிலத்தின் விலை, மின்கட்டணம், மாநில அரசின் மானியம் இவற்றுக்கெல்லாம் கோடு அப்படியே இருக்கிறது. சந்தை, துறைமுகம், பொறியாளர், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றைக் கோட்டின் ஒரு பக்கத்திலும், மனையையும் சலுகையையும் மறுபக்கத்திலும் எடுத்துக்கொள்வது லாபம். பாதி இணைப்புதான் இவ்வூர்களுக்குச் சோறு போடுகிறது. முழு இணைப்பு வந்தால் அவற்றின் சாமர்த்தியம் என்ன ஆகும் என்பது ஐயம்தான்.

இதில் அரசுகளுக்கு ஒரு நெருடல் உண்டு. ஜிஎஸ்டியில் மாநிலப் பங்கு, பொருள் நுகரப்படும் மாநிலத்துக்குப் போகும். ஓசூர் ஸ்கூட்டர் பெங்களூர் ஜெயநகரில் விற்றால் வரி கர்நாடகத்துக்கு. ஸ்ரீசிட்டி ஏசி திருவான்மியூரில் விற்றால் வரி தமிழ்நாட்டுக்கு. உற்பத்தி மாநிலமான தமிழ்நாடு ஜிஎஸ்டியை நெடுநாள் எதிர்த்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். 2016இல் மாநிலங்களவை வாக்கெடுப்பின்போது அதிமுக வெளிநடப்பும் செய்தது. இந்த இழப்பில் ஆந்திராவும் நம் பக்கமே.

இரு ஊர்களுக்கும் இடையே எதிர்பாராத உறவு ஒன்று இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஸ்ரீசிட்டி நிற்கும் சத்தியவேடு வட்டாரம் 1960 வரை சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. இரு மாநில எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரைப்படி திருத்தணி நமக்கு வந்தது, சத்தியவேடு அங்கே போனது. அதை நிறைவேற்றிய சட்டத்தின்படியே, அப்போது ஓசூரை உள்ளடக்கியிருந்த சேலம் மாவட்டத்திலிருந்தும் சில கிராமங்கள் ஆந்திராவுக்குக் கைமாறின. கோடு வேறு மாதிரி விழுந்திருந்தால் ஸ்ரீசிட்டி, கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் நீட்சியாக இருந்திருக்கலாம், அல்லது இல்லாமலே போயிருக்கலாம். சென்னை மெட்ரோவின் பெட்டிகளில் பெரும்பகுதியை அல்ஸ்டாம் ஸ்ரீசிட்டியில் செய்தது; பெரும்பாலும் பழைய செங்கல்பட்டு மண்ணில் செய்த வண்டியில்தான் நாம் விமான நிலையம் போகிறோம்.

வேற்றுமைகளில் பெரியது வான்வழி. ஸ்ரீசிட்டி மீனம்பாக்கம் விமான நிலையத்தைக் கேள்வியின்றிப் பயன்படுத்துகிறது, அதோடு சென்னை, எண்ணூர், கிருஷ்ணபட்டினம் என்று மூன்று துறைமுகங்கள். கடலில்லாத ஓசூரோ 2,000 ஏக்கரில் தனக்கென ஒரு விமான நிலையம் கேட்கிறது. 2024 ஜூனில் சட்டப்பேரவையில் அறிவிப்பும் வந்தது. ஆனால் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம் 150 கிலோமீட்டர் சுற்றளவில் புதிய நிலையத்தை 2033 வரை தடுக்கிறது. லாரிக்கு விலகிய எல்லை விமானத்துக்கு விலகவில்லை. கோரிக்கைக் கடிதங்கள் இப்போது சென்னைக்கும் டெல்லிக்கும் நடுவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.