ஆற்றுக்கு அப்பால் ஒரு கடற்கரை

சென்னையின் கடற்கரை என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது மெரினா. ஆளுநர் கிராண்ட் டஃப் 1884ஆம் ஆண்டில் அங்கே உலாப்பாதை அமைத்து, சிசிலித் தீவின் நினைவாக அப்பெயரைச் சூட்டினார். அதைப் பற்றிப் பேசியோர் பலர். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள், அதற்குத் தெற்கே, அடையாற்றின் முகத்துவாரத்தைக் கடந்தபின் வரும் சிறியதொரு கடற்கரை. ஏடுகளில் அதன் பெயர் எலியட்ஸ் கடற்கரை. மக்கள் நாவில் வழங்கும் பெயர் பெசன்ட் நகர் கடற்கரை.

மாநகரத்தின் இரைச்சலில் ஆறு நாள் உழைத்தவர்கள் ஏழாம் நாள் மாலையில் குடும்பத்தோடு அங்கே வந்து அமர்கின்றனர். பிள்ளைகள் மணலில் கோட்டை கட்டுகின்றனர். பெரியவர்கள் சுண்டல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகளைப் பார்த்தவண்ணம் பேச்சை மறந்துவிடுகின்றனர். இளைப்பாற இவ்வளவு அருகில் இப்படியோர் இடம் எவ்வாறு கிடைத்தது? வரலாற்று ஆசிரியனாகப் பல ஆண்டுகள் பணிபுரிந்த எனக்கு இக்கேள்வி எழுவது இயல்பே. தேடிப் பார்த்தால், இவ்வமைதியைக் காத்து நமக்கு அளித்த காவலர் மூவர் என்பது புலனாகின்றது.

முதற் காவலர் ஆறு. ஆங்கிலேயர் 1639இல் நிலம் பெற்று, அடுத்த ஆண்டு கோட்டை எழுப்பிய இடம் இங்கிருந்து வடக்கே பல கல் தொலைவில் உள்ளது. நகரம் அக்கோட்டையைச் சுற்றி வளர்ந்து மெல்ல மெல்லத் தெற்கே நகர்ந்து வந்தபோது, அடையாறு குறுக்கே நின்றது. அந்த ஆறு எத்தகைய எல்லை என்பதற்கு 1746ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நிகழ்ந்த போரே சான்று. சென்னையைக் கைப்பற்றியிருந்த பிரெஞ்சுக்காரருக்குத் துணையாகப் பாரதி என்ற தளபதி தெற்கிலிருந்து வந்தார். அவர் பெயரைப் பாரடி என்றும் எழுதுவர். ஆர்க்காட்டு நவாபின் மைந்தர் மாபூஸ்கான் வட கரையில் பெரும் படையோடு வழிமறித்து நின்றார். எண்ணிக்கையில் மிகச் சிறிய பிரெஞ்சுப் படை ஆற்றில் இறங்கிக் கடந்து, அப்பெரும் படையைச் சிதறடித்தது. ஒழுங்காகப் பயிற்சி பெற்ற சிறு படை பெருஞ்சேனையை வெல்லும் என்பதை ஐரோப்பியர் இந்த நாட்டில் கண்டுகொண்டது இவ்வாற்றங்கரையில்தான்.

சைதாப்பேட்டையில் ஆர்மீனிய வணிகர் ஒருவரின் பொருளுதவியால் 1726லேயே பாலம் எழுந்தது. ஆயினும் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதிக்கு எல்பின்ஸ்டன் பாலம் வந்தது 19ஆம் நூற்றாண்டில்தான். அதுவரை தென்கரை, நகரத்தின் கண்ணுக்குத் தெரியும் தூரத்திலிருந்தும், கால் எளிதில் எட்டாத இடமாகவே இருந்தது. பாலம் வந்த பிறகும் அங்கே சென்றவர்கள் தோட்ட வீடுகளை விரும்பிய செல்வர்களே. ஆங்கிலேயர் ஆட்சியில் சென்னையில் நீதி நிருவாகத்தில் பெரும் பதவி வகித்த எட்வர்டு எலியட்டின் பெயரே கடற்கரைக்கு நிலைத்தது என்பர்.

இரண்டாம் காவலர் ஒரு தோட்டம். கர்னல் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் தோற்றுவித்த பிரம்மஞான சபை, 1882இல் ஹட்டில்ஸ்டன் தோட்டத்தை வாங்கி அங்கே தலைமையகத்தை அமைத்தது. அச்சபையின் நிலம் பின்னர் விரிந்து, ஆற்றங்கரை முதல் கடலோரம் வரை மரஞ்செறிந்த பெருஞ்சோலையாயிற்று. அங்குள்ள புகழ்பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் 1989இல் புயற்காற்றில் சாய்ந்தபோதிலும், விழுதுகள் இன்றும் நிழல் தருகின்றன. நகரம் வீடு வீடாக நெருங்கி வந்தபோது, அச்சோலை ஒரு பச்சை மதில்போல் நின்றது. சபையின் தலைவராக விளங்கிய அன்னி பெசன்ட் அம்மையாரின் பெயரையே, பின்னாளில் வீட்டு வசதி வாரியம் இங்கு உருவாக்கிய குடியிருப்பும் தாங்கி நிற்கின்றது.

மூன்றாம் காவலரைப் பலர் காவலராகவே எண்ணுவதில்லை. ஊரூர்க் குப்பம், ஆல்காட் குப்பம் ஆகியவற்றில் வாழும் மீனவ மக்களையே சொல்கின்றேன். நகரத்தார் வந்து காற்று வாங்கத் தொடங்குமுன்பே இம்மணல் அவர்களுக்கு உலர்களமாகவும், வலை சீர்ப்படுத்தும் கூடமாகவும், படகு நிறுத்தும் துறையாகவும் இருந்தது. தெற்கிலிருந்து வரும் நீரோட்டத்தைத் தெண்டி என்றும், வடக்கிலிருந்து வருவதை வண்ணி என்றும் அவர்கள் பெயரிட்டு அறிந்துள்ளனர். வாடைக்காற்றையும் கச்சானையும் பஞ்சாங்கம் பாராமலே கணிப்பர். வெறும் மணல்வெளி என்று நாம் காண்பது அவர்களுடைய பட்டறை. வேலி போடாத பட்டறையாதலால் நாமும் அதில் அமர இடம் கிடைத்தது.

இக்கடற்கரைக்கு மாணவர்களை நான் பலமுறை அழைத்துச் சென்றதுண்டு. அங்கே வெண்ணிற வளைவுகளோடு கடலை நோக்கி நிற்கும் ஒரு நினைவுச் சின்னத்தின் அருகே அவர்களை நிறுத்துவது என் வழக்கம். டென்மார்க் நாட்டைச் சேர்ந்த கார்ல் ஷ்மிட் என்பவர், 1930ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், பிறரைக் காப்பாற்ற முயன்று இக்கடலில் உயிர் நீத்தார். அவர் நினைவாக எழுந்தது அது. “அமைதியான கடல் என்கிறோமே, பிறகு ஏன் இந்தச் சின்னம்?” என்று கேட்பேன். கரை அமைதியானது, கடல் அப்படியன்று என்ற விடையை ஒரு மாணவனாவது சொல்லிவிடுவான். கரையை விட்டு உள்ளே இழுக்கும் நீரோட்டம் நன்கு நீந்தத் தெரிந்தவரையும் ஏமாற்றும். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, சென்னைக் கரையோரக் குப்பங்கள் அந்தப் பாடத்தைக் கொடிய விலை கொடுத்துக் கற்றன.

இக்கரைக்கு வரும் விருந்தாளி வேறொருவரும் உண்டு. ஆண்டின் முதல் மாதங்களில் பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் முட்டையிடுகின்றன. 1988 முதல் மாணவர் அமைப்பொன்று இரவெல்லாம் கரையோரம் நடந்து, அம்முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து, குஞ்சுகளைக் கடலில் சேர்த்து வருகின்றது. முட்டையை விட்டு வெளிவரும் குஞ்சு, கடலின் மேல் தெரியும் மங்கிய ஒளியைக் குறியாகக் கொண்டு நகரும். கரையில் விளக்குகள் பளிச்சிட்டால் அது திசை தவறிச் சாலையை நோக்கிச் சென்று மடியும். நமக்கு அழகாகத் தோன்றும் ஒரு விளக்கு அதற்கு யமனாகின்றது.

இனி, இவ்வரலாறு நமக்கு முன் வைக்கும் கேள்விக்கு வருகிறேன். முகத்துவாரத்தின் அருகே உடைந்த பாலம் ஒன்று நிற்பதை நேயர்கள் கண்டிருக்கலாம். 1967இல் கட்டப்பட்ட அச்சிறு பாலம் 1977இல் வெள்ளத்தில் இடிந்தது. அவ்விடத்தை ஒட்டிப் பெரிய பாலமும் கடலோரச் சாலையும் அமைத்து, மெரினாவையும் இக்கரையையும் இணைக்க வேண்டும் என்ற யோசனை பலமுறை எழுந்துள்ளது. போக்குவரத்து நெரிசலில் தவிப்போர் அதை விரும்புவதில் வியப்பில்லை. அவர்தம் இன்னலும் உண்மையே. ஆனால் அப்பாதை செல்லக்கூடிய இடம் மீனவர் வலை உலரும் மணலாகவும், ஆமை முட்டையிடும் மணலாகவும் உள்ளது. கடலோர நிலத்தைக் காக்க மத்திய அரசு 1991இல் விதிகளை அறிவித்ததன் காரணமும் இத்தகைய இடங்களின் அருமையே.

ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும் என்று எண்ணும் தலைமுறை எதுவானாலும், கடந்து சென்று காணவேண்டியது எஞ்சியிருக்குமா என்பதையும் உடன் எண்ணுதல் வேண்டும். சோலையும் குப்பமும் ஆறும் தம் பங்குக்கு இதுவரை காவல் புரிந்துவிட்டன. நான்காம் காவலராக நிற்கவேண்டியவர்கள், மாலை நேரத்தில் அம்மணலில் வந்து அமரும் நாமே. சுண்டல் தின்ற காகிதத்தைக் கையோடு எடுத்துச் செல்வதில் தொடங்கி, மீனவரின் வலைமேல் கால் வைக்காமல் நடப்பது வரை, அக்காவல் எளிய செயல்களிலேயே அடங்கியுள்ளது.