உங்கள் ஈட்டுக் கடன் கைமாறினால்...

அண்மையில் பெற்றோர் ஒருவர் ஒரு கடிதத்துடன் என்னிடம் வந்தார். வீட்டுக் காணியை ஈடு வைத்து அவர் பெற்ற கடன் வேறொரு நிறுவனத்துக்கு மாற்றப்பட்டுவிட்டதாம். இனித் தவணைப் பணத்தை அங்கேயே கட்ட வேண்டுமாம். "சேர், நான் ஒன்றிலும் கையெழுத்து வைக்கவில்லையே, இது செல்லுமா?" என்று கேட்டார்.

நான் சட்டத்தரணி அல்ல. எனினும் இதன் அடிப்படைகளை ஈடு வைத்த ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருப்பது அவசியம்.

முதலாவது, அது செல்லும். நமது நாட்டின் பொதுச் சட்டமான உரோமன்-டச்சுச் சட்டத்தின்படி, கடன் கொடுத்தவர் தனக்கு வர வேண்டிய பணத்தின் மீதான உரிமையை இன்னொருவருக்கு மாற்றலாம். ஒப்பந்தத்தில் அதற்குத் தடை இல்லையென்றால் கடனாளியின் சம்மதம் தேவையில்லை. கடனாளி தனது கடனை வேறொருவர் தலையில் வைப்பதற்குத்தான் கடன் கொடுத்தவரின் சம்மதம் வேண்டும்.

இரண்டாவது, ஈடு கடனைப் பின்தொடரும். கடன் இல்லாமல் ஈடு தனித்து நிற்காது. ஆகவே கடன் கைமாறும்போது காணி மீதான பிணையும் புதியவருக்குச் சேர்கிறது. "பழைய கம்பனியோடு எல்லாம் முடிந்துவிட்டது, காணி தப்பிவிட்டது" என்று எண்ணுவது தவறு.

மூன்றாவது, கடன் கூடாது. பழையவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுவே புதியவருக்கும். வட்டி வீதத்தையோ தவணைக் காலத்தையோ அவர் தன்னிச்சையாக மாற்ற முடியாது. பழையவருக்கு எதிராக உங்களிடம் இருந்த நியாயங்களை, உதாரணமாக ஏற்கனவே கட்டிய பணத்தை, புதியவருக்கு எதிராகவும் முன்வைக்கலாம்.

நான்காவது, அறிவித்தல். பெரும்பாலானோர் ஏமாறுவது இங்கேதான். மாற்றம் பற்றி அறியாமல் பழையவருக்கு நேர்மையாகக் கட்டிய பணம் உங்கள் கணக்கில் கழியும். அறிந்த பின்னர் பழையவருக்கே கட்டினால், அதே பணத்தை மீண்டும் கட்ட நேரிடலாம். மறுபுறம், கடிதம் போலியாகவும் இருக்கலாம். எனவே பழைய நிறுவனத்திடம் நேரில் சென்று, மாற்றத்தையும் மிகுதித் தொகையையும் எழுத்தில் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே புதிய கணக்கில் பணம் போடுங்கள்.

காணி மீதான ஈடு நொத்தாரிசு உறுதி மூலமே செல்லும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் விதி. ஈட்டு முறியைக் கைமாற்றும்போதும் நொத்தாரிசு மூலம் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிவதே வழக்கம். அங்கு உங்கள் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்தால் யார் பெயரில் ஈடு நிற்கிறது என்பது தெரியும்.

புதியவர் யார் என்பதும் முக்கியம். நீதிமன்றம் செல்லாமல் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தின் மூலம் ஈட்டுக் காணியை ஏலம் விடும் 'பராட்டே' அதிகாரத்தை 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் வங்கிகளுக்கு வழங்குகிறது. அது கடன் கொடுத்த எல்லோருக்கும் உரிய அதிகாரம் அல்ல. சட்டம் அந்த அதிகாரத்தை வழங்காத ஒருவரிடம் உங்கள் ஈடு இருந்தால், அவர் வழக்குத் தொடர்ந்தே காணியை விற்பிக்க வேண்டும்.

இன்னொன்றையும் இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது. புதிய வங்கியில் கடன் எடுத்துப் பழைய கடனை அடைப்பது கடன் மாற்றம் அல்ல. அங்கே பழைய கடன் முடிந்து புதிய கடன் பிறக்கிறது. அப்போது பழைய ஈட்டை விடுவிக்கும் உறுதியை எழுதிப் பதிவு செய்விக்க மறந்துவிடாதீர்கள். இல்லாவிட்டால், பிற்காலத்தில் பிள்ளைகள் காணியை விற்கப் போகும்போது அடைத்து முடித்த கடன் பதிவேட்டில் குறுக்கே நிற்கும்.

அந்தப் பெற்றோரிடம் நான் சொன்னதும் இவ்வளவுதான்: பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள், கடிதத்துக்கு எழுத்தில் பதில் கேளுங்கள், விளங்காத எதிலும் கையெழுத்து வைக்க முன்னர் ஒரு சட்டத்தரணியைச் சந்தியுங்கள்.