கால் மத்தளமான கதை

மாரிமழை. கரண்ட் இல்லை. போனில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் மிச்சம். திருக்கோவிலில் அப்படியொரு இரவில்தான் ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த 'ஸ்டோர்மி வெதர்' படத்தின் கடைசி நடனத்தை அம்மப்பாவுக்குக் காட்டினேன். 1943 இல் வந்த கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம். கேப் கேலவேயின் ஸ்விங் இசைக்குழு வாசிக்க, கோட் சூட் போட்ட அண்ணனும் தம்பியும் மேசைக்கு மேசை தாவுகிறார்கள். சப்பாத்தால் தரையைத் தட்டித் தட்டியே இசைக்காரருக்குப் பதில் சொல்கிறார்கள். பிறகு பெரிய படிக்கட்டில் ஒருவரை ஒருவர் தாண்டிக் குதித்து, காலை அகல விரித்து விழுந்து, விழுந்த வேகத்திலேயே எழும்புகிறார்கள்.

அம்மப்பா பழைய கூத்துக்காரர். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். "சதங்கை இல்லாமலே தாளம் போடுறானுகள். திரும்பப் போடு பாப்பம்" எண்டார்.

அந்தத் தாளம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால், கதை சிரிப்பாகத் தொடங்கவில்லை.

1739 செப்டம்பரில் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றுப் பக்கம் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். மேளம் அடித்து ஆட்களைச் சேர்த்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது. அடுத்த வருடமே, 1740 இல், அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. மேளம் செய்தி சொல்லும், அதுதான் எசமான்களுக்குப் பயம். ஆனால் மேளத்தைப் பறித்தாலும் தாளத்தைப் பறிக்க ஏலுமா? கை தட்டினார்கள், தொடையில் அடித்தார்கள், காலால் தரையை மிதித்தார்கள்.

1840களில் நியூயோர்க்கின் ஃபைவ் பாயிண்ட்ஸ் சேரியில் கறுப்பினத்தவரும் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைகளும் ஒரே ஒழுங்கைகளில் வாழ்ந்தார்கள். அங்கே ஐரிஷ் காலாட்டமும் ஆப்பிரிக்கத் தாளமும் கலந்தன. 'ஜூபா' என்ற பெயரில் ஆடிய வில்லியம் ஹென்றி லேன் அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரன். சப்பாத்தின் அடியில் உலோகத் தகடு வந்தது பிறகுதான். 1920களின் கடைசியில் சினிமா பேசத் தொடங்கியதும் டேப் நடனத்துக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சத்தம் கேட்காவிட்டால் இந்த ஆட்டத்தில் பாதிதானே மிஞ்சும்!

படிக்கட்டில் பறந்த அந்த இருவர் ஃபேயார்ட், ஹரோல்ட் நிக்கலஸ். எந்தப் பள்ளியிலும் நடனம் படிக்கவில்லை. அப்பாவும் அம்மாவும் தியேட்டரில் வாத்தியம் வாசிக்க, ஃபேயார்ட் கீழே உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே பழகி, தம்பிக்கும் சொல்லிக் கொடுத்தார். களரி ஓரத்தில் நித்திரை முழித்துக் கூத்துப் பழகிய நம்ம ஊர்ப் பிள்ளைகள் மாதிரித்தான்.

இவ்வளவு திறமை இருந்தும் ஹாலிவுட் அவர்களைக் கதாநாயகர் ஆக்கவில்லை. பெரும்பாலான படங்களில் அவர்களுடைய நடனம் கதையோடு ஒட்டாமல் தனியாக நிற்கும். தென்மாநிலத் தியேட்டர்கள் அதை வெட்டியெறிய வசதியாகத்தான் அந்த ஏற்பாடு. 1936 இல் 'ஸ்விங் டைம்' படத்தில் ஃப்ரெட் அஸ்டேயர், பில் ரொபின்சன் என்ற கறுப்பின மேதைக்கு மரியாதை செய்கிறேன் என்று முகத்தில் கறுப்பு மை பூசி ஆடினார். அதே ரொபின்சன் உண்மையான முகத்தோடு கதாநாயகனாக வந்த படம்தான் 'ஸ்டோர்மி வெதர்'. அதில் நிக்கலஸ் சகோதரர்களை வெட்ட முடியாது, ஏனெண்டால் படம் முழுக்க அவர்களுடைய ஆட்கள்தான்.

இந்தக் காற்று நம்ம பக்கமும் வீசியது. தூத்துக்குடியில் பிறந்து, சின்ன வயதில் கொழும்பில் படித்த சந்திரபாபு மேற்கத்திய ஆட்டத்தையும் பாட்டையும் தமிழ்ப் படத்துக்குள் கொண்டு வந்தார். 'சபாஷ் மீனா'வில் (1958) அவருடைய உடம்பு எலும்பில்லாதது போல் வளையும். நாம் சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் எவ்வளவு பெரிய ஆட்டக்காரன் இருந்தான் என்று யோசித்தவர்கள் குறைவு.

கூத்துக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' எனப் பேராதனை மாணவர்களை ஆட வைத்த பிறகுதான், படித்த கூட்டம் மட்டக்களப்புக் கூத்தைக் கலை என்று எழும்பிப் பார்த்தது. பிறகு போர் வந்தது. விடிய விடிய ஆட இரவு எங்கள் கையில் இருக்கவில்லை. அம்மப்பாவின் சதங்கை துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போனது. யாரும் சட்டம் போட்டு மத்தளத்தைப் பறிக்கவில்லை, ஆனாலும் சத்தம் நின்றுதான் போனது.

'ஸ்டோர்மி வெதர்' ஒன்றேகால் மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான். ஹெட்போன் போட்டு, காலின் சத்தத்தைக் கேட்டுப் பாருங்கள். வாய்விட்டு ரசியுங்கள், அதில் தப்பில்லை. பிறகு உங்கள் ஊரில் கூத்தாடிய பெரியப்பா யாராவது இருந்தால், அக்கரைப்பற்று, கல்முனைப் பக்கம் பொல்லடி அடித்த மூத்தவாப்பா யாராவது இருந்தால், பக்கத்தில் போய் இருங்கள். ஒரு தாளம் கேளுங்கள்.

அம்மப்பா மூன்றாம் தரம் பார்க்கும்போது போன் செத்துப் போனது. இருட்டில், சீமெந்துத் தரையில், அவருடைய குதிக்கால் மட்டும் நிற்காமல் தட்டிக்கொண்டிருந்தது.