ஐடிலிங் தடுமாற்றம் (காமன் ரெயில் டீசல்)

நிற்கும் காரில் எஞ்சின் வேகம் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றில் நிலைக்காமல் ஏறி இறங்கும் கோளாறு. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 மூலம் பயணிகள் காருக்கு வந்த காமன் ரெயில் அமைப்பில், டீசல் அளவைக் கணினியே தீர்மானிக்கிறது. ஆகவே ஐடிலிங் வேகத்தைத் திருகைத் திருப்பிச் சரிசெய்ய வழியில்லை. ஃபில்டர் அடைப்பு, டீசல் குழாயில் புகுந்த காற்று, கரி படிந்து முழுதாக மூடாத இஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடுவது) ஆகியவற்றையே முதலில் பார்க்க வேண்டும். அடுத்தது இன்ஜெக்டர். ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிக் குப்பியில் விட்டு எஞ்சினை ஓடவிட்டால், உள்ளே கசியும் இன்ஜெக்டரின் குப்பி மட்டும் விரைவாக நிறையும். இதைச் செய்யாமல் எல்லா இன்ஜெக்டரையும் மாற்றுவது வீண் செலவு. மாற்றிய இன்ஜெக்டரின் குறியீட்டைப் பல வண்டிகளில் ஸ்கேனர் வழியே பதிய வேண்டும். எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தவே கூடாது: பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே இறங்கும்.